கண்டக்டர் படையெடுத்த கதை

திருவண்ணாமலை,
25-11-1961

என் கணவர் அவர்களுக்கு உங்கள் பாகம்பிரியாள் வணக்கத்துடன் எழுதிக்கொண்டது. இங்கே நானும் அத்தையும் சுகம். காங்கோ தேசத்தில் நீங்களும் உங்கள் பட்டாளத்துக் கம்பெனிக்காரர்களும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க அண்ணாமலையாரை வேண்டிக்கொண்டு இதை எழுதுகிறேன்.

போட்டோ வந்தது. நீலத் தொப்பி உங்களுக்கு எடுப்பாகத்தான் இருக்கிறது. மீசையை ஏன் குறைத்தீர்கள்? அதற்கும் ஐ.நா. சபையில் தீர்மானம் போட்டார்களா? அத்தை அந்தப் போட்டோவை முந்தானையில் முடிந்துகொண்டு, பால்காரரிலிருந்து தபால்காரர் வரை காட்டி, "எம்மவன் இப்போ ஒலகத்துக்கே போலீசு" என்கிறார்கள். போட்டோ தபாலில் வந்தது என்பதையே மறந்து தபால்காரருக்குக் காட்டுகிறார்கள். ஓரமெல்லாம் மடங்கிவிட்டது. இன்னொன்று அனுப்புங்கள்.

இனி உங்கள் கடிதத்துக்கு வருகிறேன். அடைக்கலம் தேடி வந்த குடும்பங்களை ஒரு பள்ளிக்கூடத்தில் வைத்து நீங்கள் இரவும் பகலும் காவல் நின்றதைப் படித்துப் பெருமையில் அழுதேன். அந்தப் பள்ளிக்கூட வாத்தியார் உங்களிடம், "உங்களை யார் கூப்பிட்டது, எப்போது போவீர்கள்?" என்று கேட்டதாக எழுதியிருக்கிறீர்கள். மார்ச்சில் உங்கள் கம்பெனி திரும்பும்போது, விருப்பப்பட்டவர்கள் கையெழுத்துப் போட்டு இன்னும் ஒரு வருஷம் இருக்கலாமாம். இவர்களுக்கு விடுதலையும் நியாயமும் வாங்கிக் கொடுக்காமல் எப்படி வருவது, நீ என்ன சொல்கிறாய் என்று கேட்டிருக்கிறீர்கள். டிசம்பர் முடிவதற்குள் பதில் வேண்டுமாம்.

போன மாசம் கேட்டிருந்தால் மேடைப் பேச்சே பேசியிருப்பேன். இப்போது கொஞ்சம் அடிபட்டுப் போயிருக்கிறேன். நடந்ததைச் சொல்கிறேன், சிரிக்காமல் படியுங்கள்.

மாதர் சங்கத்தில் நான் சொல்லிக்கொடுக்கும் தையல் வகுப்புக்குத் தனம் என்று ஒரு பெண் வருவாள். புருஷன் பெயர் காசி, கோயில் வாசலில் தேங்காய், கற்பூரம் விற்கிறவன். வாயைத் திறக்காத மனுஷன். அவன் வாய்க்கும் சேர்த்து அவன் அம்மா வெள்ளையம்மாள் பேசுவாள். தனம் இரண்டு வாரமாக வரவில்லை. விசாரித்தால், மருமகள் தெருத்தெருவாகச் சுற்றுகிறாள் என்று அந்தம்மாள் அவளை உள்ளறையில் வைத்துப் பூட்டிவிட்டுத்தான் வெளியே போகிறாளாம். எனக்கு ரத்தம் கொதித்தது.

அன்று பார்த்து என் தம்பி தியாகேசன் மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்திருந்தான். வேலூர் பஸ் கண்டக்டர், காக்கிச் சட்டையைக் கழற்றவில்லை. டிக்கெட் பையைப் பிடுங்கி வைத்துவிட்டு, வகுப்புப் பெண்கள் இரண்டு பேரையும் சேர்த்துக்கொண்டு புறப்பட்டேன். அவன் வாசலில் நின்று பஸ்ஸுக்கு ஊதுகிற விசிலை ஒரு ஊது ஊதினான். அப்போதுதான் அறையைப் பூட்டிவிட்டு வெளியே கிளம்பிய வெள்ளையம்மாள் காக்கியைப் பார்த்ததும் போலீஸ்தான் என்று நடுங்கிப்போய்ச் சாவியை விட்டெறிந்தாள். ஐந்தே நிமிஷம். தனத்தை நம் வீட்டுக்குக் கூட்டிவந்துவிட்டேன். உங்கள் ஜெனரல்கள்கூட இவ்வளவு சுலபமாக ஜெயித்திருக்க மாட்டார்கள்!

அதற்கப்புறம்தான் வினை. தம்பியின் பஸ்ஸில் போய்வருகிறவர் ஒருவர், "இவரு வேலூர் பஸ் கண்டக்டராச்சே" என்று போட்டு உடைத்துவிட்டார். அதுவரை தனத்துக்காக இரக்கப்பட்ட அந்தத் தெருவே மாறிப்போனது. வெளித்தெருக்காரி ஆள் கூட்டி வந்து நம் தெரு மானத்தை வாங்கிவிட்டாள் என்று எல்லோரும் வெள்ளையம்மாள் பக்கம் நின்றுவிட்டார்கள். அம்மாவிடம் தானே பேசிப் பார்க்கலாம் என்றிருந்த காசியும் முறுக்கிக்கொண்டான்.

இங்கே நான் என்ன செய்தேன் தெரியுமா? தனத்தைப் பிடித்துக்கொண்டு போய்விடுவார்கள் என்று வாசல் பக்கமே விடவில்லை. அவள் டீச்சர் ஆக வேண்டும் என்று நானே முடிவு கட்டி, வேலூரில் ஹாஸ்டலுக்கு மனுவும் எழுதிவிட்டேன். நாலாம் நாள் அவள் சாதத்தைப் பிசைந்துகொண்டே, "அக்கா, அங்கியும் வெளியே போவாதன்னாங்க, இங்கியும் போவாதன்றீங்க. உனக்கு இன்னா வேணும்னு ஒருத்தரும் கேக்கலையே" என்றாள். எனக்கு வந்ததே கோபம்! இவளுக்காக ஊர்ப்பகையைச் சம்பாதித்தேனே என்று பாத்திரத்தையெல்லாம் உருட்டினேன். பொழுது சாய்ந்த பிறகுதான் வெட்கம் வந்தது. போய், "சரி, உனக்கு என்னதாண்டி வேணும்?" என்று கேட்டேன். "எங்கூடு வேணும்க்கா, பூட்டுதான் வேணாம்" என்றாள்.

தீபத் திருவிழாவின் ஏழாம் நாள் தேர். அம்மன் தேரைப் பெண்கள்தான் இழுப்போம் என்பது உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. தனம் என்னிடம் கேட்காமலே கிளம்பிப் போனாள். பின்னாலேயே ஓடினேன், கூட்டத்தில் பத்துப் பேருக்கு அப்பால் மாட்டிக்கொண்டேன். அவள் நேரே போய்த் தன் தெருப் பெண்களோடு, மாமியாருக்குப் பக்கத்தில் வடத்தைப் பிடித்தாள். மூலை திரும்புகிற இடத்தில் தேர் நின்றது. அங்கேயே, எல்லோர் காதிலும் விழும்படி, வீட்டுக்கு வருகிறேன், ஆனால் பூட்டு இருக்கக் கூடாது, வாரம் மூன்று நாள் தையலுக்குப் போவேன் என்று சொல்லிவிட்டாள். கிழவி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "ஒரு வார்த்தை சொல்லும்மா, அம்மன் வெயில்ல நிக்குது" என்று அந்தத் தெருப் பெண்களே பிடித்துக்கொண்டார்கள். என்மேல் கறுவிக்கொண்டிருந்த அதே பெண்கள்! கடைசியில் கிழவி, "சரிதான், இழுங்கடி" என்றாள். போட்ட குலவையில் என் காது அடைத்துவிட்டது.

எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். நேற்று அவள் வகுப்புக்கு வர வேண்டிய நாள், வரவில்லை. மறுபடி தம்பியைக் கூப்பிடக் கை பரபரத்தது, அடக்கிக்கொண்டேன். சாயங்காலம் காசியே வந்து, அம்மாவுக்குக் காய்ச்சல், திங்கட்கிழமை அனுப்புகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனான். அவன் பேசி இப்போதுதான் கேட்கிறேன்.

நான் போனது தப்பு என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. அன்றைக்குக் கதவு திறக்காவிட்டால் அவள் வடத்தின் பக்கம் வந்திருக்கவே முடியாது. நீங்கள் காவல் நின்றதால்தான் அந்தப் பள்ளிக்கூடத்தில் இருந்தவர்கள் உயிரோடு இருக்கிறார்கள், அதை யாரும் இல்லையென்று சொல்ல முடியாது. ஆனால் கிழவியைச் சம்மதிக்க வைத்தது நானும் இல்லை, காக்கியும் இல்லை. தனமும் அவள் தெருவும்தான். அந்த ஊருக்கு எது நியாயம் என்பதை அந்த வாத்தியார்தான், அவர் மனுஷர்களோடு நின்று, கேட்டு வாங்க வேண்டும். அதை உங்கள் துப்பாக்கியால் வாங்கித் தர முடியாது. அவரிடம் போய், உங்களுக்கு என்ன வேண்டும் என்று மட்டும் கேளுங்கள். அண்ணாமலையார் அவரையும் அவர் பிள்ளைகளையும் காப்பாற்றட்டும்.

கையெழுத்து விஷயத்துக்குக் கடைசியில் வருகிறேன். இந்தக் காகிதத்தை மூன்று தரம் கிழித்தாகிவிட்டது. இனி யார் விஷயத்திலும் நான் முடிவு செய்வதில்லை என்று சபதம் எடுத்திருப்பதால், உங்கள் இஷ்டம் என்று எழுதி முடித்துவிடலாம் என்றுதான் பார்த்தேன். முடியவில்லை. ஊரில் எல்லோர் வீட்டிலும் நான் வெளியாளாக இருக்கலாம். உங்களுக்கு நான் வெளியாள் இல்லையே. கையெழுத்துப் போடாதீர்கள். வந்துவிடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் பாகம்பிரியாள்