வெள்ளிக்கிழமை கிணற்றில் விளக்கு இறக்க வேண்டாம்

அனுப்புநர்:
மு. ஜெகதீசன் (வயது 61),
பங்க் பின்தெரு, கள்ளிக்குப்பம், அம்பத்தூர்.

பெறுநர்:
மாவட்ட ஆட்சியர் அவர்கள்,
சென்னை மாவட்டம்.

பொருள்: பெட்ரோல் பங்கின் நிலத்தடித் தொட்டிக் கசிவு – வரும் வெள்ளிக்கு முன் சோதிக்க வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. எங்கள் தெருமுனைப் பங்கில் பதினேழு ஆண்டுகள் வேலை பார்த்தவன் நான். தினமும் காலையில் நிலத்தடித் தொட்டிக்குள் அளவுகோலை இறக்கி, எவ்வளவு நிற்கிறது என்று பார்த்துப் பதிவேட்டில் எழுதுவது என் பொறுப்பு.

2. கடைசி நான்கு ஆண்டுகளாக இரண்டாம் தொட்டியில், விற்றதைக் கழித்த பிறகும் அளவு குறைந்தது. மழைக்காலத்தில், தண்ணீர் இருக்கிறதா என்று அறியக் கோலின் நுனியில் தடவும் பசை நிறம் மாறியது. அப்படியென்றால் தொட்டிக்குள் தண்ணீர் வருகிறது. தண்ணீர் வரும் வழியில் பெட்ரோல் வெளியே போகாதா? உரிமையாளரிடம் மூன்று முறை சொன்னேன். ஆவியாகிவிட்டதாக எழுதச் சொன்னார். எழுதினேன். ஓய்வு பெற்ற நாள் வரை எழுதினேன்.

3. பங்கிற்குப் பின்னால் திருமதி தாயம்மா வீட்டு உறைகிணற்றில் ஆறு வீட்டார் தண்ணீர் எடுக்கிறார்கள். தை மாதம் முதல் தண்ணீரில் வாடை. பெருச்சாளி செத்துக் கிடக்கிறது என்று பிளீச்சிங் பவுடர் கொட்டினார்கள். எனக்கு முதல் வாளியிலேயே தெரிந்துவிட்டது. அவர்களிடம் வாயைத் திறக்கவில்லை. வெட்கமாக இருக்கிறது.

4. ரகசியமாக மூன்று அலுவலகங்களுக்கு நடந்தேன். கிணறு என்றால் அங்கே போ, பெட்ரோல் என்றால் இங்கே போ என்றார்கள். செருப்பு தேய்ந்ததுதான் மிச்சம்.

5. இப்போது வெள்ளிக்கிழமை (16.05.2025) தூர்வார வேம்புலி என்பவரை அழைத்திருக்கிறார்கள். கிணற்றில் இறங்குபவர்கள், உள்ளே மூச்சுவிடக் காற்று இருக்கிறதா என்று அறிய, முதலில் ஏற்றிய விளக்கை வாளியில் வைத்து இறக்குவது வழக்கம். அணைந்தால் இறங்கமாட்டார்கள். நல்ல வழக்கம்தான். ஆனால் பெட்ரோல் ஆவி நிற்கும் கிணறு பற்றிக்கொள்ளும், ஐயா. அந்த நேரம் வேம்புலி குனிந்து உள்ளே பார்த்துக்கொண்டிருப்பார்.

6. நேற்று எல்லாவற்றையும் அவர்களிடம் ஒப்புக்கொண்டு, விளக்கு வேண்டாம் என்றேன். தாயம்மா, "நாலு வருசமா பொய் எய்தினவன் இன்னிக்கு சொல்றத இன்னாத்துக்கு நம்பணும்? ஊட்டுக்குப் போ" என்றார். வேம்புலியோ, "முப்பது வருசமா வெளக்கு எறக்கிகினு கீறேன், எனுக்கே சொல்லிக் குடுக்கிறியா நைனா?" என்று சிரித்தார். அவர்கள் மேல் எனக்குக் கோபமில்லை. என் சொல்லுக்கு மதிப்பு போய்விட்டது.

7. ஆகவே, வெள்ளிக்கு முன் அந்தக் கிணற்றை மூடி முத்திரையிடவும், இரண்டாம் தொட்டியைக் காலி செய்து சோதிக்கவும், ஆறு வீட்டாருக்கும் லாரித் தண்ணீர் அனுப்பவும் ஆணையிட வேண்டுகிறேன். பதிவேட்டில் பொய் எழுதியதற்கு என் மீது என்ன நடவடிக்கை எடுத்தாலும் மறுக்கமாட்டேன்.

8. தங்கள் ஆட்கள் வரத் தாமதமானால், வெள்ளி காலை நான் கிணற்றடியில் உட்கார்ந்திருப்பேன். விளக்கை ஏற்றினால் ஊதி அணைப்பேன். எத்தனை முறை ஏற்றினாலும் அணைப்பேன். ஆனால் அவர்கள் ஆறு வீட்டார், நான் ஒருவன். என்னைத் தூக்கி அப்பால் உட்காரவைக்க இரண்டு பேர் போதும். அதற்கு முன் யாராவது வந்துவிடுங்கள், ஐயா.

இடம்: கள்ளிக்குப்பம்
நாள்: 12.05.2025

இப்படிக்கு,
மு. ஜெகதீசன்