சவ்வு ஒட்டும் இடம்

மார்ச் 3
இன்று எங்கள் புரதத் துண்டு வேலை செய்தது!

எலியிடமிருந்து வரும் ஹன்டா வைரஸைச் செல் தானாகவே விழுங்குகிறது. உள்ளே புளிப்பு ஏறியதும் வைரஸின் மேலுள்ள புரதம் நிமிர்ந்து, செல்லின் சவ்வில் முனையைச் செருகுகிறது. பிறகு இரண்டாக மடிகிறது. அந்த இழுப்பில் வைரஸின் சவ்வும் செல்லின் சவ்வும் ஒட்டித் துளை விழுகிறது. அதன் வழியே வைரஸ் நுழைந்துவிட்டால் ஒன்றும் செய்வதற்கில்லை. நாங்கள் செய்த புரதத் துண்டு அந்த மடிப்புக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. துளை விழவில்லை.

கண்ணாடித் தட்டில்தான். ஆனாலும்.

மார்ச் 9
இங்கே வால்திவியாவில் மழை. தம்பி நிபால்தோ ஏரிக்கரையிலிருந்து பேசினான். மூங்கில் பூத்து அரிசி உதிர்ந்த வருஷம் — விறகுக் கொட்டகை முழுக்க எலியாம். கூட்டித் தள்ளினானாம். எலி எச்சத்தின் தூசி மூச்சில் போனால் ஹன்டா வருமே, தண்ணீர் தெளிக்காமலா கூட்டினாய் என்று கத்தினேன். “உனக்குக் கனவுலயும் எலிதான், அக்கா” என்று சிரித்தான்.

மார்ச் 27
அவனுக்குக் காய்ச்சல். முதுகு வலிக்கிறதாம். உடனே இங்கே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவரச் சொன்னேன்.

மார்ச் 29
ஹன்டாதான். நுரையீரலில் நீர். தொண்டையில் குழாய்.

அவன் மனைவி மாரிட்சா என் கையை விடவில்லை.

“உங்க ஃப்ரிட்ஜ்ல இருக்குதானே, அண்ணி?”

எலிக்குக்கூடப் போட்டுப் பார்த்ததில்லை என்றேன்.

“அவருக்குப் போட்டுப் பாருங்க.”

முடியாது என்றேன். நானா சொன்னேன் அதை?

மார்ச் 30
போய்விட்டான்.

ஜூன் 12
தம்பியின் இரத்தத்திலிருந்து பிரித்த வைரஸ் எங்கள் ஆய்வுக்கூடத்துக்கே வந்தது. வேறு யாரையும் தொடவிடவில்லை. துண்டு போடாத தட்டில் அடுத்தடுத்த செல்களெல்லாம் கரைந்து ஒரே குழம்பாகக் கிடந்தன. துண்டு போட்ட தட்டில் ஒவ்வொன்றும் தனித்தனியாக, முழுசாக.

பிழைத்திருப்பானோ? சொல்லித் தொலையேன், யாராவது.

ஜூன் 15
மாரிட்சாவிடம் மறைக்க முடியவில்லை. சொன்னேன். கையிலிருந்த மாத்தே டீயை அவள் உறிஞ்சவே இல்லை.

“அப்ப, காப்பாத்தியிருக்கலாம்.”

தெரியவில்லை என்றேன்.

“இனிமே இந்தப் பக்கம் வராதீங்க, அண்ணி.”

ஆகஸ்ட் 21
வெள்ளெலிகளுக்கு முதல் ஊசி. வைரஸ் இல்லை, அன்று மாரிட்சா போடச் சொன்ன அதே துண்டு மட்டும். மதியத்துக்குள் எல்லாம் செத்துவிட்டன. இரத்தக் குழாய்களுக்குள்ளேயே இரத்தம் உறைந்திருந்தது.

இத்தனை வருஷ உழைப்பும் போயிற்று என்று கூட இருந்தவர்கள் இடிந்து உட்கார்ந்தார்கள். நான் சாப்பாட்டு அறைக்குப் போனேன். தம்பி போன பிறகு இன்றைக்குத்தான் பசித்துச் சாப்பிட்டேன்.