வேலைக்குப் போன சட்டை

தேக்காவுக்குக் கீழே ரயில் ஓட ஆரம்பித்ததும், சார்ஸ் காய்ச்சல் பயத்தில் சிங்கப்பூரே மூக்கை மூடிக்கொண்டதும் ஒரே வருஷம், அண்ணே. நேற்று பாலிகிளினிக்கில் பக்கத்து ஆளின் காலில் சுற்றியிருந்த கட்டிலிருந்து மஞ்சள் மருந்து வாசம் வந்தது. அந்த வருஷம்தான் நினைவுக்கு வந்தது. எனக்கு எழுத்து தெரியாது. நான் சொல்லச் சொல்ல மருமகள் எழுதுகிறாள்.

ஈசூனில் அடுக்குமாடி புளோக்குகளைக் கூட்டிக்கொண்டிருந்தீர்கள். காலில் சர்க்கரைப் புண். நோய் வந்தபின் வெளியே எந்தக் காப்புறுதியிலும் உங்களைச் சேர்க்கவில்லை. கம்பெனி கொடுத்த மருத்துவ அட்டை ஒன்றுதான் கதி. வேலையில் இருந்தால்தான் அதுவும். படுத்தால் அட்டை போகும், நின்றால் கால் போகும்.

அதனால் உங்கள் கம்பெனிச் சட்டையை வேலைக்கு அனுப்பினோம். ஒரு நாள் நான், ஒரு நாள் உங்கள் மனைவி. அண்ணி தொப்பிக்குள் கொண்டையைச் செருகி, முகக்கவசத்தை மாட்டிக்கொண்டு போவார். மேற்பார்வையாளர் வேனை விட்டு இறங்காமல் கை காட்டிவிட்டுப் போவார். நீங்கள் கிளினிக்கில் கட்டு மாற்றிக்கொள்வீர்கள். புண் ஆற ஆரம்பித்தது.

அண்ணிக்கு அரைகுறையாகக் கூட்டத் தெரியாது. கீழ்த்தளத் தூண்களைக்கூடத் துடைத்தார். அதைப் பார்த்துத்தான் மேற்பார்வையாளர் உங்களைக் கூப்பிட்டார்.

“பெரியவரே, உங்க வேலை ரொம்ப சுத்தம். நாளைலேர்ந்து சுவா சூ காங் ஈரச் சந்தைக்கு வாங்க. சம்பளமும் கூட.”

வீட்டுக்கு வந்து சிரித்தீர்கள். “ரெண்டு பேரு கூட்டினதுக்கு எனக்கு புரமோஷன் லா.”

“அந்தத் தூண யாரு தொடைக்கச் சொன்னா?” என்று அண்ணியையும் சீண்டினீர்கள். அண்ணி சிரிக்கவில்லை.

சந்தையில் ஆள் மாற முடியாது. பக்கத்திலேயே நின்று வேலை வாங்குவார்கள். மீன் கழுவிய தண்ணீரில், ரப்பர் பூட்சுக்குள் கட்டு நனைந்தது. தீபாவளிக்கு முன்பே முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். வேலை நின்றது, அட்டையைத் திருப்பிக் கேட்டார்கள். அதன் பிறகு டாக்டரிடம் போக நீங்கள் சம்மதிக்கவில்லை. பொங்கலுக்கு நீங்கள் இல்லை.

நேற்று கவுண்டர் பெண்ணிடம், “வேலைய விட்டுட்டேன்மா, காப்புறுதி இருக்குமா?” என்று கேட்டேன்.

“அதுக்கும் வேலைக்கும் சம்பந்தமில்ல, அங்கிள். எல்லாருக்கும் உண்டு. உக்காருங்க.”

எனக்கு அது புதுச் செய்தி இல்லை. அந்த ஏற்பாடு வந்து வருஷங்கள் ஆகின்றன. ஆனாலும் ஒவ்வொரு தடவையும் கேட்டு உறுதி செய்துகொண்டு மார்சிலிங் போகிறேன். அங்கே ஒரு காப்பிக்கடையில் மேசை துடைப்பவரிடம், வேலைக்குப் போகாவிட்டாலும் வைத்தியம் நிற்காது என்று சொல்கிறேன். பதிலும் மாறுவதில்லை: “நீங்க சொல்றீங்க தம்பி. நின்னு போச்சுன்னா யாரப் போய்க் கேக்கிறது?” சொல்லிவிட்டு அடுத்த மேசையைத் துடைக்கப் போய்விடுகிறார்.

மேற்பார்வையாளரும் இறந்துவிட்டார். அந்தச் சட்டையை வேலைக்கு அனுப்பியவர்களில், என்னைத் தவிர, இன்னும் இருப்பது மார்சிலிங்கில் மேசை துடைக்கும் பாக்கியம் அண்ணி மட்டும்தான்.