பென்குயின் வீட்டுக்காரி

இன்று காலை மில் வேனில் பக்கத்தில் இருந்த பெண்ணின் போனில் பென்குயின் வீடியோ ஓடியது. நாம் சேர்ந்து பார்த்த அதே வீடியோ. நீ போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது, உன்மேல் எனக்கிருந்த வயிற்றெரிச்சல் மட்டும் அப்படியே கிளம்பி வந்தது.

அன்று அருப்புக்கோட்டை வருவதற்குள் இரண்டு வீடியோ பார்த்தோம். முதலில் பென்குயின். முட்டையைப் போட்டுவிட்டு அம்மா கடலுக்குப் போய்விடுகிறது. அப்பா இரண்டு மாதம் பட்டினியாக, பனிக்காற்றில், முட்டையைத் தன் பாதத்தின்மேல் வைத்துக்கொண்டு நிற்கிறது. அடுத்தது ஆழ்கடல் தூண்டில் மீன். இத்துணூண்டு ஆண், பெரிய பெண் மீனைக் கடித்துப் பிடித்து, அவள் உடம்போடு ஒட்டிப்போய், அவள் ரத்தத்திலேயே கடைசிவரை காலத்தை ஓட்டுகிறது. நான்தான் சொன்னேன்: "ஒங்க வீட்டுக்காரரு பென்குயினு. எங்க வீட்டுல கெடக்குறது தூண்டில் மீனு." நீ சிரித்த சிரிப்பில் டிரைவர் திரும்பிப் பார்த்தார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. பாலவனத்தம் ரோடு பிரிகிற விலக்கில் உன்னை வேனில் ஏற்றிவிட உன் கணவர் தினமும் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு நிற்பார். சட்டைப்பையில் பால்பாட்டில் துருத்திக்கொண்டிருக்கும். என் வீட்டுக்காரரோ பருத்தி பொய்த்த வருஷம் கட்டிலில் படுத்தவர்தான். சாப்பாடு என் சம்பளத்தில். அது போதாதென்று மணிக்கொரு தடவை "எப்ப வருவ?" என்று போன் வேறு. உன்னைப் பார்க்கப் பார்க்க எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஒருநாள் நீயாகச் சொன்னாய்: "ஏ புள்ள, அவரு முட்டையத்தான் பாக்குறாரு, என்னயப் பாக்கல. ரெண்டு நாளா எனக்குக் காய்ச்ச. பிள்ளைக்கு ஒட்டிக்கிரும், தள்ளிப் படுங்கிறாரு. ஒன் ஆளு ஒன்னயவே ஒட்டிக்கிட்டுக் கெடக்காருல்ல, எனக்கு அதுல பொறாமதான்."

கேலி செய்கிறாய் என்று நினைத்தேன். முதலில் ஏறுகிறவள் சோற்றுப்பையை வைத்து மற்றவளுக்கு இடம் பிடிப்பது நம் வழக்கம். மறுநாள் நான் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். வேறொருத்தி உட்கார்ந்தாள். நீ கம்பியைப் பிடித்தபடி மில் வரைக்கும் நின்றுகொண்டே வந்தாய். அந்தக் காய்ச்சல் காமாலையாகி முற்றியிருந்தது பிறகுதான் தெரிந்தது. மதுரை ஆஸ்பத்திரியில் உன்னை வந்து பார்க்க என் வீம்பு விடவில்லை. நாளைக்குப் போகலாம், நாளைக்குப் போகலாம் என்று இருந்துவிட்டேன். உன்னை வீட்டுக்குக் கொண்டுவந்து கிடத்திய பிறகுதான் வந்தேன்.

வருகிற ஆவணியில் உன் கணவருக்கு மறுகல்யாணம். பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்று அவரே பெண் பார்த்துவிட்டார். நான் குறை சொல்ல மாட்டேன். பிள்ளை கொழுகொழுவென்று இருக்கிறான்.

போன வாரம் எனக்குக் காய்ச்சல். என் வீட்டுக்காரர் கட்டிலை எனக்கு விட்டுவிட்டு, கஞ்சி வைக்கிறேன் என்று பாத்திரத்தைக் கருக்கினார். அப்புறம் தரையில் உட்கார்ந்து என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீ போயிட்டா நான் என்ன செய்வேன்?" என்று விசும்பினார். எரிச்சலாகத்தான் இருந்தது. கையை மட்டும் நான் உருவிக்கொள்ளவில்லை. இதை உடனே உன்னிடம் சொல்லி உன்னைக் கடுப்பேற்ற வேண்டும் என்று மனசு துடித்தது.

நான் பொறாமைப்பட இந்த ஊரில் இன்னும் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். என்னைப் பார்த்துப் பொறாமைப்பட்டவள் நீ ஒருத்திதான்.