பேசாத போனுக்கு வந்த பில்

என் செல்ல மகனுக்கு,

அம்மா எழுதுவது. அப்பாவுடைய முட்டிவலியையும் டெலிபோன் பில்லையும் விட்டுவிட்டால் இங்கே எல்லாரும் சுகம். நீயும் வேளாவேளைக்குச் சாப்பிட்டுச் சுகமாக இருப்பாய், மெலிந்துவிட்டேன் என்று மட்டும் எழுதாதே.

பில் விஷயத்தைக் கேள். கொஞ்ச நாளாகக் கன்னாபின்னாவென்று வருகிறது. எல்லாம் கலெக்ட் காலாம், அதாவது கூப்பிடுகிறவன் காசு கட்டாமல் எடுக்கிறவர் தலையில் கட்டுவது. எனக்கு முதலில் மாடியில் குடியிருக்கும் நர்ஸ் மேல்தான் சந்தேகம், அவளுக்கும் நம் வீட்டு போன்தானே. ஜாடைமாடையாகக் கேட்டேன், முகம் சுண்டிப்போய் அன்றிலிருந்து கீழே இறங்குவதையே நிறுத்திவிட்டாள். அப்புறம் உன் தங்கை மேல், போன் பக்கம் போனாலே அவளுக்கு ஏன் சிரிப்பு வருகிறது என்று. டயலுக்குப் பூட்டுப் போட்டுச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டேன். அடுத்த பில்லும் அப்படியே வந்தது.

விடுவேனா, டெலிபோன் ஆபீசுக்கே போய் நின்றேன். கவுண்டரில் இருந்த பெண், "பூட்டு வெளியே போற காலைத்தான் தடுக்கும்மா, இது உள்ளே வர்றது. உங்க வீட்லதான் யாரோ ஒவ்வொரு தடவையும் சரி சொல்றாங்க" என்றாள். உங்கள் பிள்ளை லைனில் இருக்கிறான், கட்டணத்தை ஏற்றுக்கொள்கிறீர்களா என்று கேட்டு ஏமாற்றுகிற கும்பல் இருக்கிறதாம், சரி என்றதும் லைனைச் சும்மா திறந்து வைத்துக் கட்டணத்தை ஓடவிடுவார்களாம், அதில் அவர்களுக்குப் பங்காம்.

நேற்று துணி காயப்போடும்போது மணி அடித்தது. ஓடி வந்து பார்த்தால் உன் அப்பா சுவரைப் பிடித்துக்கொண்டு, "பேசுப்பா, இன்னுமா கோபம், ஏதாவது பேசு" என்கிறார். பிடுங்கிக் கேட்டேன், வெறும் இரைச்சல். இது பித்தலாட்டம் என்று கத்தினேன். "இருக்கட்டும், ஒருவேளை அவனா இருந்துட்டா? வேண்டாம்னு நான் எப்படிச் சொல்றது" என்றார். நீ கிளம்பும்போது இரண்டு பேரும் முறைத்துக்கொண்டதிலிருந்து நீ போன் பண்ணினால் அவர் என்னிடம் நீட்டிவிடுகிறார், நீயும் அவரைக் கேட்பதில்லை.

மாடி ஏறிப்போய் நர்ஸிடம் மன்னிப்புக் கேட்டேன். பரவாயில்லக்கா என்றாள், ஆனால் இன்னும் கீழே வரவில்லை. இந்த மாதிரி கலெக்ட் கால்களே வராமல் நிறுத்த ஆபீசில் ஒரு தாள் கொடுத்தார்கள், போன் அப்பா பேரில் இருக்கிறது, கையெழுத்துப் போட மாட்டேன் என்று உட்கார்ந்திருக்கிறார்.

நோய்நொடி அண்டாமல் நல்லபடியாக இரு கண்ணா, குளிருக்குக் காதை மூடிக்கொள். ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணு, உன் காசில். அன்றைக்கு நான் எடுக்க மாட்டேன், அவர்தான் எடுப்பார். அம்மா எங்கே என்று கேட்டுவிடாதே, அப்பா என்று கூப்பிடு.

இப்படிக்கு,
வீட்டில் ஒருத்தர் விடாமல் சந்தேகப்பட்டு ஓய்ந்த உன் அம்மா