சரிதா போட்ட குட்டைக் கோடு

ஆகஸ்ட் 2, சனி

காலையிலேயே ஆட்டோவில் கருவடிக்குப்பத்துக்கு நாலு சவாரி. வீட்டுக்கு வந்தால் கால் வைக்க இடமில்லை. மகள் சரிதா தரை முழுக்க சார்ட்டு விரித்திருக்கிறாள். அரசுப் பள்ளியில் பன்னிரண்டாவது படிக்கிறாள், அங்கே கண்காட்சியாம். பன்னிரண்டாவது படிக்கிற ஒரு பிள்ளைக்கு பிரான்ஸ் அரசாங்கம் எவ்வளவு செலவழிக்கிறது, நம் அரசாங்கம் எவ்வளவு என்று இரண்டு கோடு. பிரான்ஸ் கோடு அடங்காமல் மேலே இன்னொரு சார்ட்டு ஒட்டியிருந்தாள். நம்முடையது ஒரு சாண்கூட வரவில்லை.

"ஏம்மா, நம்ம கோட்டுக்கு வரும்போது மை தீந்துபோச்சா?"

"அங்க வெலவாசி ஜாஸ்திப்பா. அதையும் சரிபண்ணித்தான் போட்டேன். பண்ணியும் இவ்ளோதான்."

"டீ கணக்குல போடு. அப்பத்தான் எனக்குப் புரியும்."

சிரித்தாள். அஞ்சாவதோடு நின்றவன் வேறெதில் கேட்பேன்?

ஆகஸ்ட் 5, செவ்வாய்

எழுதக் கை கூசுகிறது.

சரிதாவைப் பள்ளிக்கு ஏற்றிப்போகும் வழியில் டீக்கடையில் நிறுத்தினேன். வினோத்குமார் நின்றிருந்தான். அஞ்சாவது வரை ஒரே பெஞ்சு. பிரெஞ்சுக்காரன் நம் ஊரை விட்டுப் போன காலத்தில் அவன் தாத்தா பிரெஞ்சுக் குடியுரிமை கேட்டு எழுதிக் கொடுத்தார், என் தாத்தா கொடுக்கவில்லை. அவன் பாரிஸில் இருக்கிறான், லீவுக்கு வந்திருக்கிறான்.

"டேய் சக்கரபாணி! எம் பையன் அங்க பன்னண்டாவதுடா. எல்லாம் அரசாங்கமே பாத்துக்குது. உம் பொண்ணு எங்க படிக்குது?"

"இங்க பிரெஞ்சு ஸ்கூல்லதான், பாரிஸ் முசே! உம் பையனவிட நல்லா பிரெஞ்சு பேசுவா!"

கிண்டல்தானே? இல்லை. கிண்டல் என்றால் கடைசியில் நானே சிரித்து உண்மையை உடைத்துவிடுவேன். இன்று உடைக்கவில்லை. டீயைக் குடித்துவிட்டுத் திரும்பினேன். சரிதா வண்டிக்குள் பையை மடியில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆகஸ்ட் 6

"கண்காட்சிக்கு நீ வர வேணாம்." நாள் முழுக்க அவள் பேசியது இவ்வளவுதான்.

ஆகஸ்ட் 8

எதுக்குடா சொன்ன, சக்கரபாணி? அவ படிப்புல என்னா கொற? கோடு குட்டைன்னா அவளா குட்டையாக்குனா? செலவு பண்ணாத அரசாங்கம் நிம்மதியா இருக்கு. நான் போய் என் பொண்ண மறைச்சேனே — அவ எதிர்லயே.

சவாரியில் யாரையும் கிண்டல் செய்யவில்லை. "ஒடம்பு சரியில்லையாண்ணே?" என்று வண்டியில் வந்த ஒரு பெண் கேட்டாள்.

ஆகஸ்ட் 11, திங்கள்

குருசுக்குப்பத்தில் வினோத்குமார் வீட்டுக்குப் போனேன். வாசலிலேயே சொல்லிவிட்டேன். "அன்னைக்குச் சொன்னது பொய்டா. அவ கவர்மெண்ட் ஸ்கூலு."

"தெரியும்டா. யூனிஃபார்ம் போட்டுக்கிட்டுத்தான வண்டியில உக்காந்திருந்துச்சு."

அவன் காறித் துப்பியிருந்தால் தேவலை. உள்ளே திரும்பிக் காபி போடச் சொன்னான்.

வீட்டில் சரிதாவிடம் சொன்னேன். "சரி" என்றாள்.

ஆகஸ்ட் 12

கண்காட்சி. அவள் சொன்னபடி உள்ளே போகவில்லை. கூட்டிவர மட்டும் வெளியே வண்டியில் காத்திருந்தேன். சாயங்காலம் கலைவாணி மிஸ் அவளோடு பேசிக்கொண்டே வண்டி வரை வந்தார்.

"ரொம்ப நல்லா பேசுன. உங்கப்பா ஏன் வரல?"

சரிதா என்னைப் பார்த்தாள். "வேலைக்குப் போயிட்டாரு மிஸ். இது எப்பவும் வர்ற ஆட்டோ."

"பாத்து எறக்கிவிடுங்கண்ணே" என்றார் மிஸ்.

"சரிங்க மேடம்."

வீடு வரும்வரை கண்ணாடியில் பின்பக்கம் பார்க்கவில்லை. என்னவென்று கேட்பது? நான் செய்ததுதானே.

ஆகஸ்ட் 13

காலையில் பள்ளி வாசலில் இறங்கியவள் உள்ளே போகவில்லை. மிஸ் வரும்வரை நின்றாள். வந்ததும் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள்.

"மிஸ், நேத்து பொய் சொல்லிட்டேன். இவருதான் எங்கப்பா."

எனக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. மிஸ் போனபிறகு, "ராத்திரி பூரா தூக்கமே இல்லப்பா" என்றாள்.

உண்மையைச் சொல்ல அவளுக்கு ஒரே ராத்திரி. எனக்கு ஆறு நாள் ஆனது.