எதிர்ப்பக்கம் மடித்த இலை

அக்கா,

இன்று ஜவுளிக்கடை முதலாளி வீட்டில் கல்யாணச் சாப்பாடு. இலையில் தண்ணீர் தெளித்ததும் எழுந்த வாசத்தில் உங்கள் முகம்தான் முன்னால் வந்து நின்றது.

ரப்பர் விலை விழுந்ததும் கிள்ளான் பக்கத்துத் தோட்டத்திலிருந்து உங்களையும், பக்கத்து லயத்து வரிசை வீட்டிலிருந்த என்னையும் ஒரே நாளில் வெளியே தள்ளினார்கள். பட்டணத்துக்கு, பிரிக்பீல்ட்ஸ் வந்து, இந்த முதலாளியின் கடைக்கு முன்னால், கூரை போட்ட ஐந்தடி நடைபாதையில் சாக்கை விரித்தோம். அடுத்த தெருவில் அவருடைய புது பங்களா எழும்பிக்கொண்டிருந்தது. பளிங்குத் தரை, கார் நிற்கத் தனிக் கொட்டகை. காருக்குக் கூரை, அக்கா! நாம் படுத்துவிடக் கூடாதென்று அந்த உத்தமர் தினமும் கடை சாத்தும்போது ஐந்தடி முழுக்கத் தண்ணீர் ஊற்றச் சொல்வார். நீங்கள் காய்ச்சலோடு ஈரத்தில் குந்தியிருப்பீர்கள். "கடைவாசல் சுத்தமா இருக்கணும் லா," என்று பல்லைக் காட்டுவார்.

பங்களாவில் குடிபுகுந்த அன்று ஏழைகளுக்குச் சோறு போட்டார். புண்ணியமாம்! படம் பிடிக்க ஆள் வேறு. சாம்பார் வாளியைத் தொட்டுக்கொண்டு படத்துக்காகச் சிரித்துக்கொண்டு நின்றார். நீங்கள் ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டீர்கள். பிறகு இலையை உங்கள் பக்கமாக மடிக்காமல், இழவு வீட்டில் மடிப்பதுபோல் எதிர்ப்பக்கமாக மடித்தீர்கள்.

"நல்ல நாளும் அதுவுமா என்ன காரியம் பண்ணிட்டே!" என்று முதலாளி கத்தினார்.

நீங்கள் அசையவில்லை. "பொணத்தைத் தூக்கின பெறகுதானே ஐயா எடத்தைக் கழுவி விடுவாங்க? நாங்க படுக்கிற எடத்தை நீங்க தெனமும் கழுவுறீங்க. அப்ப நாங்க செத்தவங்கதானே? எலைய இப்படித்தான் மடிக்கணும்."

காவல்காரன் கம்போடு வந்து நம்மை விரட்டினான். அன்று மாலை ஐந்தடியில் இன்னும் இரண்டு வாளி கூடுதலாக ஊற்றினார்கள். அந்த மழைக்காலத்தை நீங்கள் தாண்டவில்லை. சளி நெஞ்சில் கட்டி, ஈரச் சாக்கிலேயே போய்ச் சேர்ந்தீர்கள். அவரெல்லாம் ஒரு மனுசரா?

இப்போது எனக்கு ரயில்வே பட்டறையில் வேலை. அவர் கடைக்கு வாடிக்கை. வெள்ளை வேட்டி, கைக்கடிகாரம். அதனால்தான் அழைப்பும் முன்வரிசை இலையும். அவருக்கு என்னை அடையாளம் தெரியவில்லை. ஐந்தடியில் கிடந்தவன் முகத்தை அவர் எப்போது பார்த்தார்?

சாப்பிட்டு முடித்து இலையை எதிர்ப்பக்கமாக மடித்தேன். ஓடிவந்தார். இந்த முறை கத்தவில்லை, அக்கா. குனிந்து என் எச்சில் இலையைத் தன் கையாலேயே திருப்பி மடித்து, "தெரியாம மடிச்சிட்டீங்க போல, தம்பி," என்று இளித்தார்.

"தெரிஞ்சுதான் மடிச்சேன். எங்க அக்கா சொல்லிக் குடுத்தது," என்றேன். இலையை மறுபடி உங்களைப்போலவே மடித்து வைத்துவிட்டுக் கை கழுவ எழுந்தேன்.